பிரென்னரில் நான் தூங்கிவிட்டேன்

பள்ளி விடுமுறைக்கு முன்னால் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் இளையர்களிடம் பேசியது இது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன், மேடையில் உளறியதில் கொஞ்சத்தை மட்டும் வெட்டியிருக்கிறேன்.

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையை ஏன் காலியாக விட்டிருக்கிறீர்கள் தம்பி, தங்கைகளே? பேருந்துச் சுற்றுலாவிலும் இதே கதைதான். முதல் நாள் எல்லாரும் பின்னிருக்கைக்கு ஓடுவார்கள், மலைச்சாலை வளைவில் வயிறு ஒருதரம் கலங்கினால் போதும், மறுநாள் முன்னிருக்கைக்கு அடிதடி.

"பேருந்தில் ஐரோப்பா, பார்க்கவேண்டிய இடங்கள்" என்று பேசச் சொன்னார்கள். அந்தப் பட்டியல் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது, அதை நான் ஒப்பிக்கப் போவதில்லை. 2019இல், படிப்பு முடிந்த கையோடு, என் சித்தப்பா மகனும் நானும் இளையர்களுக்கென்றே நடத்தும் ஒரு பேருந்துச் சுற்றுலாவில் போனோம். லண்டனில் கிளம்பி லண்டனிலேயே முடிகிற பயணம், பன்னிரண்டு நாள், எட்டு நாடு, பேருந்தில் நாற்பத்தைந்து பேர், பாதிக்கு மேல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்கள். அதில் எனக்கு இன்றைக்கும் மறக்காமல் இருப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு நடுவே நடந்ததுதான்.

நாம் தீவுக்காரர்கள், இல்லையா? கிழக்கிலிருந்து மேற்குவரை ஐம்பது கிலோமீட்டர்தான். சாங்கியிலிருந்து துவாஸ் போய்விட்டு வந்தால் வெளியூர் போய் வந்ததுபோல் அலுத்துக்கொள்கிறோம். நிலவழியாக நமக்குத் தெரிந்த எல்லை மலேசியாவின் ஜோகூர் மட்டும். 1924இல் திறந்த கடற்பாலம், நீளம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நீண்ட வார இறுதியில் அதைக் கடக்க மூன்று மணி நேரம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்ற அனுபவம் இங்கே யாருக்கு இல்லை? எல்லை என்றால் வரிசை, வியர்வை, கடப்பிதழ், முத்திரை. என் மண்டையில் இதுதான் பதிந்திருந்தது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலிருந்து தெற்கே இத்தாலிக்குப் போகும் காலை. ஐரோப்பா பாலம் என்று ஒன்று வரும், 1963இல் கட்டியது, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 190 மீட்டர் உயரத்தில் பேருந்து போகிறது, கீழே வீடுகள் தீப்பெட்டி மாதிரி தெரிகின்றன. அதுவரைக்கும் முழித்திருந்தேன். அப்புறம் கண்ணசந்துவிட்டது. எழுந்தபோது மலையும் வீடுகளும் அதேபோல, ஆனால் பெயர்ப்பலகைகளில் மட்டும் இரண்டு மொழி. இடுப்புப் பையிலிருந்து கடப்பிதழை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, எல்லை எப்போது வரும் என்று பக்கத்திலிருந்த நியூசிலாந்துப் பெண்ணிடம் கேட்டேன். அரை மணி நேரத்துக்கு முன்பே இத்தாலிக்குள் வந்துவிட்டோம் என்று சிரித்தாள். பிரென்னர் கணவாய், கிட்டத்தட்ட 1,370 மீட்டர் உயரம், ஆல்ப்ஸ் மலையின் முக்கிய வாசல்களில் ஒன்று, அதில் நான் குறட்டை விட்டிருக்கிறேன்.

1985 ஜூனில், லக்ஸம்பர்க் நாட்டில் ஷெங்கன் என்ற சிற்றூரின் பக்கத்தில், மோசல் ஆற்றில் நின்ற ஒரு படகில் உட்கார்ந்து ஐந்து நாடுகள் ஒப்பந்தம் போட்டன, எல்லைச் சோதனையை எடுத்துவிடுவோம் என்று. 1998இல் ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவிலும் சாவடி போயிற்று. அந்த இருமொழிப் பலகைக்கும் காரணம் உண்டு. அந்த வட்டாரம் முதல் உலகப் போர்வரை ஆஸ்திரியாவிடம் இருந்தது, இத்தாலிக்கு மாறிய பிறகும் பேச்சு பெரும்பாலும் ஜெர்மன்தான். கோடு நகர்ந்தது, ஆட்கள் நகரவில்லை. ஜோகூரில் அத்தை வீடு இருக்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனை வைத்தது. பிரிட்டன் அந்த ஷெங்கன் ஒப்பந்தத்தில் இல்லை, அங்கே போக 2025 ஜனவரியிலிருந்து நாமும் இணையத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். மற்றபடி சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்வரை விசா வேண்டாம். ஆனால் உங்கள் கூட்டத்தில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருந்தால் அவருக்கு ஷெங்கனுக்கு ஒரு விசா, பிரிட்டனுக்கு இன்னொரு விசா. டிக்கெட் போட்டுவிட்டுக் கடைசி மாதத்தில் அவரை அலையவிடாதீர்கள், ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தும், பிரிட்டனுக்கு மூன்று மாதம் முன்பிருந்தும் விண்ணப்பிக்கலாம்.

அடுத்து ஓட்டுநர். இதைப் பற்றி எந்தச் சுற்றுலா விளம்பரத்திலும் ஒரு வரி இருக்காது, ஆனால் உங்கள் பயணத்தை உண்மையில் நடத்துவது அவர் நேரம்தான். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. இரவில் பொதுவாகப் பதினொரு மணி நேரம் தொடர்ந்து ஓய்வு. எல்லாவற்றையும் வண்டியில் இருக்கும் டாக்கோகிராஃப் கருவி பதிந்துகொண்டே இருக்கும். "அங்கிள், இன்னும் பத்து நிமிடம்தான்" என்கிற நம் ஊர்க் கெஞ்சல் அதனிடம் செல்லாது.

வெனிஸில் என் சித்தப்பா மகன் அதை நிரூபித்தான். வெனிஸுக்குள் பேருந்து போகாது, துரோன்கெத்தோ என்ற ஓரத்துத் தீவில் நிறுத்திவிட்டுப் படகில்தான் போக வேண்டும். மூன்று மணிக்குப் படகுத்துறையில் இருக்கச் சொன்னார்கள். ஐயா முகமூடி வாங்கப் போனவர் சந்துகளில் சுற்றிச் சுற்றி ஒரே பாலத்துக்கே நான்கு தடவை வந்து, கடைசியில் 3.50க்கு வந்தார். கையில் முகமூடியும் இல்லை. ஐம்பது நிமிடம்தானே என்று நினைப்பீர்கள். வெனிஸிலிருந்து ரோம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் அந்தக் கட்டாய ஓய்வு, நகருக்குள் நெரிசல். விடுதியில் இறங்கும்போது இரவு பத்தரை, இரவு உலா ரத்து. அதோடு விட்டதா? பத்தரையிலிருந்து பதினொரு மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், மறுநாள் காலை ஒன்பதரைக்குத்தான் பேருந்து அசையும். எங்களுக்கோ எட்டரைக்கு வத்திகன் அருங்காட்சியகத்தில் நுழைவு. நாற்பத்தைந்து பேரும் அலுவலகம் போகும் ரோமானியர்களோடு மெட்ரோவில் நசுங்கிக்கொண்டு ஒத்தவியானோ நிலையத்தில் இறங்கி ஓடினோம். உண்மையைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்களை அவ்வளவு நெருக்கத்தில் நாங்கள் பார்த்தது அந்த ஒரு காலையில்தான், ஆனால் இதை அவனிடம் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வெனிஸில் இப்போது கெடுபிடி இன்னும் அதிகம். 2024இலிருந்து, கூட்டம் சேரும் நாட்களில், இரவு தங்காமல் வந்து போகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள், வழிகாட்டியோடு போகிற குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது. ஒரு பேருந்து ஆட்களையே இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ஜெர்மனியில் கொலோன் தேவாலயம் பாருங்கள், 1248இல் தொடங்கி 1880இல்தான் கட்டி முடித்தார்கள். பாதியில் நின்றுபோன கோபுரத்தின் மேல் பழைய பாரந்தூக்கி நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்றிருக்கிறது. முன்பதிவு செய்தபின் அரசு கட்டித் தரும் பிடிஓ வீடு ஆறு மாதம் தள்ளிப்போனதற்கு என் அண்ணி போட்ட சண்டைதான் அங்கே எனக்கு நினைவுக்கு வந்தது. ஜெர்மனி நெடுஞ்சாலைக் கழிப்பறைகள் பலவற்றில் ஒரு யூரோ கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரக் கடை, தோல் கடை என்று இறக்கிவிடும் இடங்களில் காப்பி குடித்துவிட்டு ஏறிவிடலாம்.

பனி பார்க்காதவர்கள் கையைத் தூக்குங்கள். இவ்வளவு பேரா! சரி, சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் பக்கத்தில் திட்லிஸ் மலை. சுற்றிக்கொண்டே ஏறும் கம்பிவட வண்டியில் 3,020 மீட்டர் வரைக்கும் கொண்டுபோய்விடுவார்கள். நம் புக்கிட் தீமா 163 மீட்டர்தான், அதையே மூச்சிரைக்க ஏறுகிற உடம்பு இது. மேலே போனதும் ஓடாதீர்கள், காற்று மெல்லியது, தலை சுற்றும். நான் ஓடினேன், பத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். துணிக் காலணி போட்டுக்கொண்டு போனது அதைவிடப் பெரிய தப்பு.

கடைசியாக பாரிஸ். இரவு நடன நிகழ்ச்சிக்குத் தனிக்கட்டணம் என்றார்கள், எங்களிடம் காசு தீர்ந்திருந்தது. அதனால் அந்த நியூசிலாந்துப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு லா ஷாப்பல் போனோம், வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். நம் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, மாதிரி ஒரு தெரு. தமிழ்ப் பலகை, முருங்கைக்காய், நகைக்கடை, வெற்றிலை. நான்கு நாள் பாஸ்டா தின்ற வாய்க்குக் கொத்து ரொட்டி தட்டுகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிட்டது.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயதுக்குக் குறையாது. "எவடம் தம்பி?" என்று கேட்டார். சிங்கப்பூர் என்றோம், பன்னிரண்டு நாளில் எட்டு நாடு பார்த்ததைப் பெருமையாக அவிழ்த்துவிட்டேன், பிரென்னரில் தூங்கிய கதையையும் சேர்த்து. அவர் ரொட்டியைக் கொத்திக்கொண்டே கேட்டார். 1985இல் கிழக்கு பெர்லினில் விமானம் விட்டு இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்கு வந்து, இந்தக் கடை இருக்கிற தெருவுக்கு வந்து சேர அவருக்கு இரண்டு வருடம் பிடித்ததாம். கடைசி எல்லையை இரவில், காட்டுக்குள்ளே நடந்து கடந்தார்களாம், பேசக்கூடாது, இருமக்கூடாது.

"நீங்கள் நித்திரை கொண்டுகொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே மனைவியைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லிச் சிரித்தார். நியூசிலாந்துப் பெண் என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று என் சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தாள், எனக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் கொத்து வந்துவிட்டது.