விண்ணைப் பிளந்தால் வாழ்த்து, காதைப் பிளந்தால் வசவு

நடுவர் அவர்களே, இப்போதுதான் வந்து உட்கார்ந்த பின்வரிசைக்காரர்களுக்காகத் தலைப்பை மறுபடி சொல்லிவிடுகிறேன்: 'காதைப் பிளக்கும்' என்ற சொல் கொண்டாட்டமா, புலம்பலா? 'காதைப் பிளக்கும் கரகோஷம்' என்று செய்தியில் எழுதுகிறார்களே, அது பாராட்டுதானே என்று கேட்டு எதிரணித் தோழர் கைதட்டும் வாங்கிவிட்டுப் போனார். எழுதுகிறார்கள்தான். ஆனால் பாராட்டுக்கென்று தமிழில் வேறு சொல் இருக்கிறதே. அழகர் ஆற்றில் இறங்கும்போது 'கோவிந்தா' கோஷம் எதைப் பிளக்கிறது? விண்ணை. திருச்செந்தூர் அரோகராவும் விண்ணைத்தான். அதே வைகைக்கரையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் ஏர் ஹாரன் அடித்தால்? காதை! பிடித்த சத்தத்தை மேலே அனுப்பிவிடுகிறோம், பிடிக்காததைக் காதில் வாங்கிக்கொண்டு திட்டுகிறோம்.

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பு. பந்திக்குப் பக்கத்திலேயே ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு. டம்ளர் தண்ணீர் தானாக வளையம் வளையமாக அலைகிறது. மோர் கேட்டேன், சோறு வந்தது; கத்திக் கேட்டேன், இன்னும் கொஞ்சம் சோறு வந்தது. பக்கத்து இலைப் பெரியவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார், கொடுத்து வைத்தவர். வெளியே வந்த அத்தனை பேரும் 'காதைப் பிளந்துட்டான்பா' என்றார்கள். மறுநாள் காலை அதே மண்டபத்தில் கெட்டிமேளம். தவிலும் நாகஸ்வரமும் பத்தடி தூரத்தில், அது என்ன சின்னச் சத்தமா? தாலி கட்டும் நேரத்தில் யாராவது தும்மினால்கூடக் காதில் விழக்கூடாது என்றுதான் அப்படி அடிப்பதே என்பார்கள். அதை ஒருவராவது காதைப் பிளந்தது என்றாரா? கையில் அட்சதையோடு எழுந்து நின்றார்கள்.

சத்தம் எவ்வளவு என்று சொல்லத்தான் இந்தச் சொல் என்றார் தோழர். அதற்கு டெசிபல் இருக்கிறது ஐயா. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. இரவு பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு மிக்சி ஓடினால் 45-ஐத் தாண்டியதா என்று யார் அளக்கிறார்கள்? படுத்திருப்பவர் வாயில் நேராக வருவது 'காதைப் பிளக்குது'தான்.

அப்புறம் அந்தப் 'பிள'. கோடாரி விறகுக்குச் செய்கிற வேலை அது. பிளந்தது மறுபடி ஒட்டாது. நம் உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்செல்களும் அப்படித்தான், பெருஞ்சத்தத்தில் செத்தால் திரும்ப முளைக்காது. இப்படி ஒரு வினையைக் கொண்டுபோய்ப் பாராட்டில் யாராவது வைப்பார்களா?

சரி, 'காதைப் பிளக்கும் கரகோஷம்' என்று எழுதிய அந்த நிருபர்? பாவம், அவருக்கு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள்.