40 பேர், 40 கணக்கு, ஒரே பூட்டு: கூகுள் ஃபார்மில் கணித எஸ்கேப் ரூம்

வகுப்பில் 40 பேர். ஆளுக்கொரு எண்ணை எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுத வழியே இல்லை. ஆனாலும் கடைசியில் எல்லோரும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள். அந்த எண்தான் பூட்டின் சாவி. எப்படி? வாருங்கள்.

பூட்டிய அறையிலிருந்து புதிர்களை அவிழ்த்துத் தப்பிக்கும் விளையாட்டுதான் எஸ்கேப் ரூம். வரலாறு ஒரே வரியில்: 2007-ல் ஜப்பானின் கியோட்டோவில் தகாவோ கத்தோ என்பவர் நிஜ அறையில் நடத்திக் காட்டிய விளையாட்டு இது, அதற்கு முன்பே கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. போதும்.

[திரையில்: காலியான கூகுள் ஃபார்ம்]

ஒவ்வொரு அறையும் ஒரு செக்‌ஷன். கேள்வியை ஷார்ட் ஆன்சராக வையுங்கள், ரிக்கொயர்டு ஆன் செய்யுங்கள். மூன்று புள்ளியை அழுத்தினால் ரெஸ்பான்ஸ் வேலிடேஷன் வரும். அதில் நம்பர், ஈக்குவல் டு, அப்புறம் விடை. சரியான எண் விழும்வரை அடுத்த அறை திறக்காது. அவ்வளவுதான் பூட்டு.

இப்போது எனக்குப் பிடித்த இடம். பேய் பங்களா படத்தை ஒட்டிவிட்டு அதே பத்துக் கணக்கைக் கொடுத்தால் அது எஸ்கேப் ரூம் இல்லை, மாறுவேடம் போட்ட ஹோம்வொர்க். பூட்டுக்குள்ளேயே கணிதம் இருக்க வேண்டும்.

நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் டி. ஆர். கப்ரேகர். 1949-ல் அவர் கண்டுபிடித்தது இது. வீட்டு வண்டியின் நம்பர் பிளேட்டில் உள்ள நாலு இலக்கத்தை எடுங்கள். 2738 என்று வைப்போம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 8732, திருப்பி அடுக்கினால் 2378. கழித்தால் 6354. மறுபடியும் அதே வேலை: 6543-லிருந்து 3456 போனால் 3087. அடுத்து 8730-லிருந்து 0378 போனால் 8352. அடுத்து 8532-லிருந்து 2358 போனால்... 6174! இன்னொரு முறை செய்து பாருங்கள், திரும்பவும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழே படியில் அங்கே வந்துவிடும்.

ஃபேன்சி நம்பர் வாங்கிய அப்பாவின் பிள்ளை மட்டும் பாவம். 9999-ஐ எப்படி அடுக்கினாலும் 9999, கழித்தால் பூஜ்யம். குறைந்தது இரண்டு வேறு இலக்கங்கள் வேண்டும். (உங்கள் வண்டி எத்தனை படியில் வந்தது? கமெண்டில் போடுங்கள், வண்டி நம்பரைப் போடாதீர்கள்!)

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எண்ணின் முன்னால் வரும் பூஜ்யம். 2221-லிருந்து 1222 போனால் 0999; அதை 999 என்று எழுதி, அடுத்த படியில் மூன்று இலக்கத்தோடு தவிப்பார்கள். அதனால் விடை தப்பினால் தோன்றும் வரியில் ‘தவறு’ என்று போட்டு வீணாக்க வேண்டாம். ‘பூஜ்யம் எங்கே போச்சு?’ என்று எழுதுங்கள்.

சரி, முதல் பெஞ்சிலிருந்து யாராவது ‘ஆறாயிரத்து நூத்து எழுபத்தி நாலு’ என்று கத்திவிட்டால்? கத்துவார்கள். அதனால்தான் இதை முதல் அறையாக வைக்கச் சொல்கிறேன். இரண்டாம் அறையில் மல்டிபிள் சாய்ஸ்: கழித்து வந்த விடைகள் எல்லாம் எதால் மீதியில்லாமல் வகுபடும்? 4, 9, 11. இதில் விடைக்கு ஏற்ப வேறு செக்‌ஷனுக்கு அனுப்பலாம். 4 என்றவர் போகும் அறையில் ‘3087 ஒற்றைப்படை ஆயிற்றே?’ என்ற கேள்வி காத்திருக்கும். 11 என்றவர் அதே 3087-ஐ வகுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். தப்பான கதவும் பாடம் நடத்துகிறது.

9 என்றவருக்கு மூன்றாம் அறை: ஏன் 9? இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கிய பின், முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆலும், நடு இரண்டின் வித்தியாசத்தை 90-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 8732-க்கு 5994, 360; மொத்தம் 6354. கழித்த அதே விடை! 999, 90 இரண்டுமே ஒன்பதின் மடங்கு. எட்டாம் வகுப்பு இயற்கணிதம் திருட்டுத்தனமாக உள்ளே வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: பிரவுசரில் பேஜ் சோர்ஸ் பார்க்கத் தெரிந்தவருக்குப் பூட்டின் விடை அங்கேயே கிடைக்கும். அப்படி ஒருவர் அகப்பட்டால் திட்டாதீர்கள், கம்ப்யூட்டர் டீச்சரிடம் அனுப்பிவையுங்கள்.

ஆளுக்கொரு கருவி இல்லையா? ஒரே போனை புரொஜெக்டரில் இணைத்து, குழுவுக்கு ஒரு நோட்டு கொடுங்கள். சின்ன வகுப்புக்கு மூன்று இலக்கம் எடுங்கள். அங்கே பூட்டு 495.