நெருப்புக்குச்சியும் பேர்ன் பேச்சும்: பாடகர் மானி மாட்டர்

வணக்கம் உறவுகளே. சென்ற வாரம் என் மகள் பாலர் பாடசாலையிலிருந்து ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். சிகரெட் பற்றவைக்க ஒருவர் உரசிய நெருப்புக்குச்சி தெறித்துக் கம்பளத்தில் விழுகிறது. அதை எடுக்காமல் விட்டிருந்தால் வீடு எரிந்து, நகரம் எரிந்து, தீ வைத்தவன் யாரென்று மக்கள் துப்பாக்கி தூக்கி, ஐ.நா.வும் அதன் எதிரிகளும் சமாதானத்தைக் காக்க டாங்கிகளோடு வந்து, கடைசியில் உலகப்போரில் மனிதகுலமே அழிந்திருக்கும். நல்லவேளை, குச்சியை எடுத்துவிட்டேன் என்று பாட்டு முடிகிறது.

இதை எழுதிப் பாடியவர் சுவிஸ் பாடகர் மானி மாட்டர். 1936ஆம் ஆண்டு பிறந்த அவர் சட்டம் படித்து, முனைவர் பட்டம் பெற்று, சுவிஸ் தலைநகரான பேர்ன் நகர நிர்வாகத்தின் சட்ட ஆலோசகராகப் பணியாற்றியவர். பகலில் கோப்புகள், மாலையில் சிறு அரங்கில் ஒரு கிற்றார். அவருடைய இசைக்கருவி அது ஒன்றுதான். பிரெஞ்சுப் பாடகர் ஜோர்ஜ் பிரசன்ஸின் பாடல்களில் மனம் பறிகொடுத்துப் பதின்ம வயதிலேயே எழுதத் தொடங்கிய அவர், பிரெஞ்சிலோ எழுத்து ஜேர்மனிலோ எழுதாமல், தன் ஊர்த் தெருக்களில் பேசப்பட்ட பேர்ன் பேச்சிலேயே, அதாவது பேர்ன் வட்டாரத்துச் சுவிஸ் ஜேர்மனிலேயே, பாடல்களை எழுதினார்.

அதன் பெறுமதி எனக்கு அனுபவத்தில்தான் புரிந்தது. மொழி வகுப்பில் உருளைக்கிழங்குக்குக் 'கார்டோஃபல்' என்று படித்துவிட்டு, உணவகச் சமையலறையில் முதல் நாள் நின்றபோது, 'ஹெர்டொப்ஃபு' கொண்டு வரச் சொன்னார்கள்; நான் வெறுங்கையோடு விழித்துக்கொண்டு நின்றேன். எழுத்துக்கு ஒரு மொழி, பேச்சுக்கு இன்னொன்று என்ற இந்த நிலை நமக்குப் புதிதல்ல. மொழியியலாளர் சார்ல்ஸ் பெர்குசன் 1959இல் இந்த இரட்டை வழக்கைப் பற்றி எழுதியபோது, சுவிஸ் ஜேர்மனை முதன்மையான எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக விளக்கி, தமிழையும் அங்கே குறிப்பிட்டார்.

வட்டாரப் பேச்சில் பாட்டு என்றவுடன் வயலும் மலையும் பழைய ஊரின் ஏக்கமும் நம் நினைவுக்கு வரும். மாட்டரோ அதே பேச்சில் நியாயத்தையும் பயத்தையும் அரசியலையும், ஒரு சட்டவாளர் வாதத்தை அடுக்குவதுபோல, ஏறக்குறைய இரண்டு நிமிடங்களில் அடுக்கினார். பேர்ன்காரர்கள் சின்னப் பொருளின் பெயரோடு 'லி' என்ற விகுதியைச் சேர்ப்பார்கள்; வீடு சிறிதானால் 'ஹூஸ்லி', நெருப்புக்குச்சி 'ட்சுண்ட்ஹோல்ஸ்லி'. அந்தக் குட்டி 'லி'யிலிருந்து உலகப்போர் வரை பாட்டு ஏறுகிறதே, அந்த ஏற்றம் எழுத்து ஜேர்மனில் இவ்வளவு இயல்பாக வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

1972 நவம்பர் 24ஆம் திகதி, ராப்பர்ஸ்வில் நகரில் நடக்கவிருந்த நிகழ்ச்சிக்குக் காரில் போகும் வழியில், சூரிச் அருகே விபத்தில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. 1991இல் சுவிஸ் பாடகர் ஸ்டெபான் ஐக்கர் அவருடைய பாட்டொன்றைப் புதிதாகப் பாடியபோது, பேர்ன் பேச்சு தெரியாத பிரான்ஸ் நாட்டவரும் அதைக் கேட்டு மகிழ்ந்தார்கள்.

மகளோடு சேர்ந்து நானும் இப்போது அந்த நெருப்புக்குச்சிப் பாட்டைப் படிக்கிறேன். 'ட்சுண்ட்ஹோல்ஸ்லி' என்ற சொல்லில் உதட்டைக் குவிக்க வேண்டிய இடத்தில் நான் குவிப்பதில்லை என்று அவள் ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்துகிறாள். இரண்டாம் அடிக்கு நாங்கள் இன்னும் போகவில்லை.