கறுப்புச் சிறுத்தைக்கு அழுதோம், காட்டுப் பன்றிக்கு?

மலையகத்து நல்லதண்ணி ஊரில் ஒரு கறுப்புச் சிறுத்தை கம்பிச் சுருக்கில் சிக்கியது ஞாபகம் இருக்கிறதா? 2020 மே 26. இலங்கையில் கறுப்புச் சிறுத்தை கண்ணில் படுவதே அபூர்வம். வனஜீவராசிகள் திணைக்களத்தினர் மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். 29ஆம் திகதி செத்துப்போனது. நாடே கவலைப்பட்டது. எனக்கும் இன்றுவரை மனது ஆறவில்லை.

ஆனால் மலையகத்தில் இந்தக் கம்பியைப் பெரும்பாலும் யாருக்குக் கட்டுகிறார்கள்? காட்டுப் பன்றிக்கு. அதே கம்பியில் துடித்துச் சாகிற பன்றி எந்தச் செய்தியிலும் வராது. அது ஏன் என்று பார்ப்போம். கடைசிவரை இருங்கள், 1,400 யானைகளுக்கு மேல் சுட்ட ஒருவருடைய கல்லறைக்கும் போகிறோம்.

முதலில் கம்பி. பைக் கிளச் வயர் போதும். பன்றி போய்வருகிற தடத்தில், தேயிலைச் செடிக்கு அடியில், சுருக்குப் போட்டுக் கட்டிவிடுவார்கள். உள்ளே நுழைந்த மிருகம் பயந்து முன்னால் பாயும். பாயப் பாய இறுகும். சிறுத்தைக்கு உடம்பு ஒடுக்கம். தலையும் தோளும் புகுந்து போய், பல நேரம் இடுப்பில்தான் மாட்டும். வெளியே பார்த்தால் ரோமத்தில் ஒரு கோடு மாதிரித்தான் தெரியும், உள்ளே சிறுநீரகம் வரை நசுங்கியிருக்கும். உயிரோடு மீட்ட சிறுத்தைகளும் சில நாளில் சாவது இதனால்தான். பன்றிக்குக் கழுத்தில் இறுகினால், கட்டியவர் வந்து பார்க்கும்வரை உயிர் போகாமலே கிடக்கும். சிறுத்தைக்கு வலிப்பது போலத்தான் பன்றிக்கும் வலிக்கிறது.

கட்டியவரைத் திட்டிவிட்டு வீடியோவை முடிப்பது சுலபம். நான் அதைச் செய்யமாட்டேன். தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளியும் உருளைக்கிழங்கும் போட்ட குடும்பம் அது. ஒரே இராத்திரியில் பன்றி கிளறிவிட்டுப் போனால் அந்த மாதம் என்ன செய்வார்கள்? காட்டை வெட்டித் தேயிலை போடச் சொன்னது அவர்கள் இல்லையே.

சரி, இப்போது கல்லறை. நுவரெலியா கோல்ஃப் மைதானத்துப் பக்கம் மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் புதைக்கப்பட்டிருக்கிறார். பதுளையில் வெள்ளைக்கார அரசாங்கத்தின் அதிகாரியாக இருந்தவர். 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அந்தக் காலத்தில் யானையைச் சுட்டால் அரசாங்கம் காசு கொடுத்தது. பயிரை அழிக்கிற மிருகம் என்று அன்று அதற்குப் பெயர். இன்று அதே யானை கண்டி பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் புனிதப் பல்லுக்கான பேழையைச் சுமந்து வருகிறது. அப்படிப் பேழை சுமந்த யானை மாளிகாவை ராஜாவை 1986இல் தேசியச் சொத்து என்றே அறிவித்தார்கள். யானை அப்படியேதான் இருக்கிறது, நாம் ஒட்டிய பெயர்தான் மாறியது. அப்படியானால் பன்றிக்கு இன்று நாம் ஒட்டியிருக்கிற பெயரை மட்டும் எப்படி நம்புவது? இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பசுக்கன்று பிறந்தால் வீட்டில் சந்தோஷம். காளைக்கன்று என்றால் விலை பேச ஆள் வந்துவிடும். 2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடைசெய்ய அமைச்சரவை இணங்கியது, கூடவே சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்குவதென்றும் முடிவெடுத்தது. அங்கே அறுபடுவதும் மாடுதானே?

சட்டம் பற்றி ஒரு வரி: விலங்கு வதைக்கு எதிரான கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது, அதில் எழுதிய தண்டப்பணம் 100 ரூபாய்.

என்னைக் கேட்டால், பன்றியை வேலி போட்டுத் தடுக்கலாம், நட்டஈடு கேட்டுச் சேர்ந்து குரல் கொடுக்கலாம். கம்பி மட்டும் வேண்டாம். அதில் எது மாட்டினாலும் சரி.

கொழுந்து எடுக்கப் போகிற அக்காமாரே, மலையில் சிக்கிய மிருகத்தைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், ஃபோனைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கூடவும் விடாதீர்கள். சத்தம் கேட்டால் இன்னும் இழுக்கும், இன்னும் இறுகும். 1992க்கு அழையுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். அப்புறம், உங்கள் தோட்டத்தில் கம்பி இல்லாமல் பன்றியை விரட்டுகிறவர்கள் இருந்தால், எப்படி என்று கீழே எழுதுங்கள். அதை வைத்தே அடுத்த வீடியோ செய்கிறேன்.