செல்லை உடைக்க எந்தக் கருவி?

நேயர்களுக்கு வணக்கம்.

பாக்டீரியா செல்லை உடைக்கக் கருவி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். செல்லை உடைக்கிற விசையே சூட்டையும் கிளப்புகிறது. சுவர் உடைய வேண்டும், உள்ளே இருக்கும் புரதம் வெந்துவிடக் கூடாது. எந்தக் கருவி என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: செல் சுவர் எப்படிப்பட்டது, கரைசல் எவ்வளவு, உள்ளிருந்து எடுக்க வேண்டியது என்ன.

குடல் பாக்டீரியாவான ஈ.கோலையில், சுவருக்கு உறுதி தரும் பெப்டிடோகிளைக்கன் அடுக்கின் தடிமன் சில நானோமீட்டர்தான். பேசில்லஸ் போன்ற, தடித்த சுவர் கொண்ட கிராம் பாசிட்டிவ் வகைகளில் அது 20 முதல் 80 நானோமீட்டர் வரை போகும். மைக்கோபாக்டீரியாவுக்கு மெழுகுப் பூச்சு வேறு.

சில மில்லி முதல் நூறு மில்லி வரை ஈ.கோலை என்றால், அதிரும் உலோக முனையால் செல்லை உடைக்கும் சொனிகேட்டர் போதும். ஐந்து மில்லி அளவுக்கு 3 மில்லிமீட்டர் முனை, ஐம்பது மில்லிக்கு மேல் 13 மில்லிமீட்டர் முனை. ஒரு கிராம் ஈரச் செல்லுக்கு ஐந்து மில்லி குளிர்ந்த பஃபர் (அமில-காரச் சமநிலையைக் காக்கும் கரைசல்) சேருங்கள். பாத்திரத்தை வெறும் ஐஸில் செருகாமல், ஐஸும் தண்ணீரும் கலந்ததில் நிறுத்துங்கள். ஐஸ் கட்டிகளுக்கு இடையே காற்று நின்றால் சூடு வெளியேறாது. 10 விநாடி ஓட்டம், 30 விநாடி ஓய்வு. ஓய்வை விட்டுவிட்டு ஓட்ட நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் மொத்தம் இரண்டு முதல் ஐந்து நிமிடம் வர வேண்டும்.

முனை எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேற்பரப்புக்கு அருகில் நின்றால் சத்தம் சட்டென்று மாறி, நுரை பொங்கும். நுரையில் புரதம் கெடும், சக்தியும் கரைசலுக்குள் இறங்காது. உடனே நிறுத்தி, நுரை அடங்கிய பிறகு முனையை ஆழமாக இறக்குங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது.

செல் உடையத் தொடங்கியதும் டிஎன்ஏ வெளியே வந்து, கரைசல் கோழைபோல் இழுபடும். தொடர்ந்து ஓட்டினால் டிஎன்ஏ துண்டாகி இளகும், பால்போல் கலங்கியிருந்தது ஒளி ஊடுருவும் அளவுக்குத் தெளியும். டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி சேர்ப்பவர்கள் பஃபரைப் பாருங்கள்: அதில் இடிடிஏ என்ற வேதிப்பொருள் இருந்தால், நொதிக்குத் தேவையான மெக்னீசியத்தை அது பிடித்துக்கொள்ளும், நொதி வேலை செய்யாது. முனையையும் அவ்வப்போது வெளிச்சத்தில் பாருங்கள். குழிகள் விழுந்து சாம்பல் பூத்திருந்தால் டைட்டானியத் துகள் மாதிரியில் உதிர்கிறது என்று அர்த்தம்.

தடித்த சுவருக்கு மணிகளைக் குலுக்கும் பீட் பீட்டர்தான் என் தேர்வு. பாக்டீரியாவுக்கு 0.1 மில்லிமீட்டர் மணி வேண்டும். ஈஸ்ட்டுக்கு வைத்திருக்கும் 0.5 மில்லிமீட்டர் மணியைப் போட்டுவிட்டுக் கருவியைக் குறை சொல்லக் கூடாது. குழாயில் பாதி மணி, மீதி கரைசல், காற்று முடிந்தவரை குறைவாக. 30 விநாடி குலுக்கி ஒரு நிமிடம் ஐஸில் வையுங்கள். மணிகளுக்கிடையே கொஞ்சம் கரைசல் தங்கிவிடும், அந்த இழப்பையும் கணக்கில் சேருங்கள்.

லிட்டர் கணக்கில் என்றால், கரைசலை அதிக அழுத்தத்தில் குறுகிய வால்வு வழியே தள்ளிச் செல்லை உடைக்கும் உயரழுத்த ஹோமோஜெனைசர். அழுத்தத்தின் ஒவ்வொரு 100 பாருக்கும் சுமார் இரண்டரை டிகிரி சூடேறும். 4 டிகிரியில் செலுத்தியது 1,000 பாரில் ஏறத்தாழ 29 டிகிரியாக வெளிவரும். ஆகவே வெளியேறும் இடத்தில் குளிர்விப்புச் சுருள் கட்டாயம். செல் கட்டிகளை முன்பே கரைத்து வடிகட்டாவிட்டால் வால்வு அடைத்துக்கொள்ளும்.

நீளமான மரபணு டிஎன்ஏ வேண்டுமா? இவை எதுவும் வேண்டாம். செல் சுவரை அரிக்கும் லைசோசைம் நொதியும் டிடர்ஜென்டும் போதும், மெதுவாகக் கலக்குங்கள். நோய்க்கிருமி என்றால் திறந்த பாத்திரத்தில் சொனிகேட்டர் ஓட்டவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத திவலைகள் கிளம்பும். மூடிய குழாயையும் சற்று நேரம் நிறுத்திவைத்து, உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்தே திறக்க வேண்டும். காதுக் கவசம் எல்லோருக்கும் அவசியம்.

வாங்கும் முன் விற்பவரிடம் செய்முறை விளக்கம் கேளுங்கள், ஆனால் உங்கள் செல்லைக் கொண்டு. 30 விநாடி ஓட்டத்துக்கு ஒருமுறை சிறிதளவு எடுத்து, மையவிலக்கில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரில் புரத அளவையும் நொதியின் செயல்திறனையும் அளந்து பாருங்கள். புரதம் ஏறிக்கொண்டிருக்கும்போதே செயல்திறன் இறங்கத் தொடங்கினால், அந்த அமைப்பில் சூடு கட்டுக்குள் இல்லை. ஓய்வு நேரத்தைக் கூட்டியும் அது மாறவில்லை என்றால் வேறு கருவியைப் பாருங்கள்.