ரேஷன் பாமாயிலில் குளியல் சோப்பு! தேங்காய் எண்ணெய் விலைக்கு என் பதில்

வணக்கம் மக்களே! எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? கேமரா கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், ஸ்டாண்டு கால் ஆடுகிறது, கண்டுகொள்ளாதீர்கள். இன்றைக்கு எனக்கு எரிச்சலும் உண்டு, சந்தோஷமும் உண்டு. எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன்.

தேங்காய் எண்ணெய்! காங்கேயம் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, போகிற வழியெல்லாம் களத்தில் கொப்பரை காய்வதைப் பார்த்துக்கொண்டே போய், மில்லில் கிலோ 450 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். 450! அதே மில்லில் 200-க்குள் வாங்கியவள் நான். "அண்ணா, ரெகுலரா வர்றேன், கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்றால், "கொப்பரையே வரமாட்டேங்குது அக்கா, நான் என்ன பண்ணட்டும்" என்கிறார். சரி, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் தலைக்குத் தேய்க்கவே யோசிக்க வைக்கிற எண்ணெயை, அதைச் சோப்பாக்குகிற காஸ்டிக் சோடாவில் கொட்டிக் காய்ச்ச மனசு வருமா?

வந்தது சந்தோஷம். இதோ, நான் செய்த சோப்பைப் பாருங்கள். வெளிச்சத்தில் காட்டுகிறேன். விளிம்பு உடையவில்லை, மேலே வெள்ளை படியவில்லை, தட்டினால் கெட்டிச் சத்தம் கேட்கிறது. இதில் போட்ட எண்ணெயில் பாதிக்கு மேல் ரேஷன் பாமாயில்! ஆமாம், கார்டுக்கு 25 ரூபாய்க்குத் தருகிறார்களே, அதே பாக்கெட்தான். எங்கள் வீட்டு அத்தைக்குப் பாமாயில் என்றாலே ஆகாது, முறுக்கு வீடியோவில் அவர் முகத்தைப் பார்த்தீர்கள்தானே? அடுப்படிக்குள் விடமாட்டார். பரணில் கிடந்ததை எடுத்துவந்தேன். இப்போது அவரே இந்தச் சோப்பைத்தான் குளிக்க எடுத்துப்போகிறார். என்ன எண்ணெய் என்று இன்னும் சொல்லவில்லை. இந்த வீடியோவை அவர் பார்க்கமாட்டார், தைரியமாகத்தான் பேசுகிறேன்.

அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பாமாயில் 600 கிராம், தேங்காய் எண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100. காஸ்டிக் சோடா 145 கிராம், தண்ணீர் 290. இந்த 145 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு எண்ணெயும் சோப்பாக மாற வேறு வேறு அளவு காஸ்டிக் கேட்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், பாமாயிலுக்கு 0.141, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 152 சொச்சம் வரும். அதில் 5 சதவீதம் குறைத்துப் போடுகிறேன். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிச்சம் இருக்கும், தோலுக்கு அதுதான் பாதுகாப்பு. எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்றுங்கள். "அக்கா, பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய் போடலாமா, அதே அளவுதானே?" என்று கீழே எழுதாதீர்கள். அதே அளவு இல்லை.

எல்லாமே கிராம்தான், தண்ணீர் உட்பட. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு கிலோ இல்லை, எண்ணெய் 900 கிராம் சொச்சம்தான் நிற்கும்.

எடை என்றதும் ஞாபகம் வருகிறது, இந்தத் தராசு! புதிதாக வாங்கினேன் என்று போன வீடியோவில் காட்டினேனே, அதேதான். காஸ்டிக்கை மெதுவாகச் சரித்துக்கொண்டிருக்கிறேன்... 110, 120, 128... பட்டென்று அணைந்துபோகிறது! பேட்டரியை மிச்சம் பிடிக்கிறதாம். மறுபடி போட்டால் பூஜ்யம். கிண்ணத்தோடு பூஜ்யமா, கிண்ணம் இல்லாமலா, ஒன்றும் புரியாது. காஸ்டிக்கில் 10 கிராம் கூடினால் தோல் எரியும், குறைந்தால் சோப்பு கொழகொழவென்று கிடக்கும். இவ்வளவு முக்கியமான நேரத்தில் தூங்கப்போகிற தராசைச் செய்தவர்கள் வீட்டில் யாரும் ஒரு பலகாரமாவது அளந்து செய்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். நான் கண்டுபிடித்த வழி: காலிக் கிண்ணத்தின் எடையை முதலிலேயே பென்சிலால் அதன் அடியில் எழுதிவிடுங்கள். தராசு எத்தனை தடவை அணைந்தாலும் மொத்த எடையில் கிண்ணத்தைக் கழித்தால் போதும். இதற்கே எனக்கு ஒரு விருது தரலாம்.

அப்புறம், காஸ்டிக் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு கட்டி கட்டியாகும், எடையும் பொய் சொல்லும். சாக்கடை அடைப்புக்கு விற்கிற பொட்டலமும் வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாது. கெமிக்கல் கடையில் சுத்தமான காஸ்டிக் செதில் என்று கேளுங்கள். எதற்கு என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். சோப்பு என்று சொல்லிவிடுங்கள்.

கரைக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, பொங்கித் தெறிக்கும். போட்ட நொடியில் சூடு 80 டிகிரியைத் தாண்டும், ஆவி மூக்கைக் குத்தும், ஜன்னல் பக்கம் நின்று செய்யுங்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் ஆர்.ஓ. தண்ணீர்தான் எடுக்கிறேன்.

ஐயோ, பாத்திரம்! அதைச் சொல்லாமல் போகிறேன் பாருங்கள். அலுமினியம் வேண்டவே வேண்டாம். காஸ்டிக் அலுமினியத்தை அரித்து வாயுவாகப் பொங்கும், அந்த வாயு தீப்பிடிக்கக்கூடியது. எவர்சில்வர் அல்லது கெட்டி பிளாஸ்டிக். கையுறை, கண்ணாடி கட்டாயம். பிள்ளைகள், பூனை எல்லாம் வெளியே. கையில் தெறித்தால் வினிகர் தேடி ஓடாதீர்கள், குழாயைத் திறந்து தண்ணீரிலேயே நன்றாகக் காட்டுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை.

காஸ்டிக் தண்ணீரும் எண்ணெயும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சேர்த்துக் கை பிளெண்டரால் அடித்தேன். பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே கை விட்டுவிடாதீர்கள்!  கரண்டியில் எடுத்து மேலே வடித்தால் அந்தக் கோடு கரையாமல் நிற்க வேண்டும், அதுவரை விட்டு விட்டு அடியுங்கள். கோடு நின்றதும் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து ஊற்றினேன். இந்த இடத்தைப் பாருங்கள், மெதுவாக ஓட விடுகிறேன். மஞ்சள் பட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பு! ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்குமே, அதே வேலைதான். காஸ்டிக்கும் காரம், சுண்ணாம்பும் காரம். மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி என்பார்களே, அது. காயக் காய இந்தச் சிவப்பு இறங்கி மஞ்சளாகும். இப்போது பாருங்கள், முற்றின சந்தன நிறத்துக்கு வந்திருக்கிறது. ரோஜா இதழ் போடச் சொல்லி நிறையப் பேர் கேட்டீர்கள். போடமாட்டேன். அழுக்குப் பழுப்பாகிப் பூச்சி செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். லாவண்டர் வாசனையும் கேட்காதீர்கள், எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.

அச்சுக்கு ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாதான். பாமாயில் இருப்பதால் இரண்டு மூன்று நாள் விட்டுத்தான் வெட்டினேன். அப்புறம் காற்றோட்டமான இடத்தில் நாலு வாரத்துக்குக் குறையாமல் காய வேண்டும். சோப்பாக மாறுவது முதல் இரண்டு நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். மீதி நாளில் தண்ணீர் வற்றிக் கெட்டிப்படுகிறது. அவசரப்பட்டால் குளியலறையில் கரைந்தே போகும்.

"மரச்செக்கு எண்ணெயில் செய்தால் இன்னும் நல்லது இல்லையா?" என்று போன வீடியோவில் ஒரு தங்கை கேட்டிருந்தார். கண்ணு, காசை வீணாக்காதே. செக்கு எண்ணெயின் மணமும் அருமையும் சமையலில் தெரியும். காஸ்டிக்கில் விழுந்த பிறகு செக்கும் ஒன்றுதான், மில்லும் ஒன்றுதான். தேங்காய் எண்ணெயை அதிகம் போட்டால் நுரை பொங்கும், ஆனால் தோலை வறட்டிவிடும். அதனால்தான் 300-ஓடு நிறுத்தினேன். ஒரு விஷயம் மட்டும்: உங்கள் வீட்டிலும் உப்புத் தண்ணீர் என்றால் அந்த 300-ஐக் குறைக்காதீர்கள். கடினத் தண்ணீரிலும் நுரைக்கிற குணம் தேங்காய் எண்ணெய்க்குத்தான் அதிகம்.

அப்புறம் இன்னொரு எரிச்சல், சிலர் இப்படிக் கேட்கிறார்கள். "காஸ்டிக் இல்லாத, கெமிக்கலே இல்லாத சோப்பு சொல்லுங்க அக்கா." அப்படி ஒன்று கிடையாது! எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப்பு. ரெடிமேட் சோப்புக் கட்டியை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றிக் கெமிக்கல் இல்லை என்று 250 ரூபாய்க்கு விற்கிறார்களே, அந்தக் கட்டியையும் ஒரு தொழிற்சாலை காரம் போட்டுத்தான் செய்திருக்கும். உருக்கி ஊற்றுவது தப்பு என்று சொல்லவில்லை, பிள்ளைகளோடு செய்ய அது நல்லது. பொய் சொல்லி விற்பதுதான் பிடிக்கவில்லை. கடைச் சோப்பு வாங்கினாலும் உறையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். கிரேடு 1 டாய்லெட் சோப் என்றால் டி.எஃப்.எம்., அதாவது கொழுப்புச் சத்து, 76 சதவீதமாவது இருக்கும். பாத்திங் பார் என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். விளம்பரத்தில் இதைச் சொல்வார்களா?

கணக்கு! அதை விட்டுவிட்டு எங்கே போகிறேன். தேங்காய் எண்ணெய் 135 ரூபாய், பாமாயில் 17-க்குள், விளக்கெண்ணெய், காஸ்டிக் எல்லாம் சேர்த்து 200-ஐத் தாண்டவில்லை. 14 கட்டி வந்தது. கட்டி 15 ரூபாய்கூட இல்லை! பதினைந்து!

விற்பீர்களா என்று கேட்காதீர்கள். சோப்பு செய்து விற்க 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம் வாங்க வேண்டும், என்னிடம் அது இல்லை. அத்தை போக மிச்சம் இருப்பது எதிர்வீட்டுக்கும் என் தங்கைக்கும். அடுத்த வீடியோவில் இலுப்பை எண்ணெய். நாட்டு மருந்துக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், விலை கேட்டுவிட்டு வந்து புலம்புகிறேன். மோட்டார் போட்டு ரொம்ப நேரமாச்சு, தொட்டி நிறைந்திருக்கும், வரட்டுமா!