திரும்பும்மா, திரும்பு!

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். முன்வரிசையில் தூங்காமல் இருப்பவர்களுக்கு ரெண்டு வணக்கம்.

இயக்குநர் ஹிட்ச்காக் 1963-ல் எடுத்த 'தி பேர்ட்ஸ்' படத்தில் நம்மை அதிகம் மிரட்டுவது சத்தமா, அமைதியா? கலிபோர்னியாவில் பொடேகா பே என்கிற கடலோர ஊர். காரணமே இல்லாமல் பறவைகள் மனிதர்களைக் கொத்துகின்றன. மிரட்டுவது அமைதிதான் என்கிறோம் நாங்கள்.

ஒரே ஒரு காட்சி. பள்ளிக்கூடத்துக்கு வெளியே நாயகி மெலனி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால், பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டத்தில் ஒரு காக்கை வந்து உட்காருகிறது. ஒன்றே ஒன்று. இவள் சிகரெட் பிடிக்கிறாள். பின்னால் இன்னும் சில. அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்! அப்புறம் கேமரா அவள் முகத்திலேயே நிற்கிறது. கம்பியைக் காட்டவே மாட்டேன் என்கிறார் மனிதர். 'திரும்பும்மா, திரும்பு' என்று நான் சோபாவில் இருந்து கத்துகிறேன். அடுப்படியில் இருந்த என் மனைவி திரும்பிவிட்டாள், மெலனி திரும்பவில்லை! கடைசியில் வானத்தில் ஒற்றைக் காக்கை. கண்ணாலேயே அதைத் தொடர்கிறாள். அது போய் இறங்குகிறது... கம்பி முழுக்கக் காக்கை! நடுவர் அவர்களே, இவ்வளவு நேரமும் நம் காதில் விழுந்தது என்ன? வகுப்பில் பிள்ளைகள் பாடும் பாட்டு மட்டும்தான். மிரட்டுகிற பின்னணி இசை கிடையாது.

எதிரணி அண்ணன், "பின்னணி இசையே வைக்காமல் சம்பளத்தை மிச்சம் பிடித்த கஞ்சன்" என்றார். கைதட்டலும் வாங்கினார். அண்ணே, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹிட்ச்காக்கின் முந்தைய படம் 'சைக்கோ'வில் வயலினாலேயே உயிரை எடுத்த இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன்தான் இந்தப் படத்துக்கு ஒலி ஆலோசகர். அப்படிப்பட்டவரைக் கூட்டிவந்து 'வாசிக்காதீர்கள்' என்று சொல்ல எந்தக் கஞ்சனுக்கு மனசு வரும்? பறவைச் சத்தத்துக்கு ஜெர்மனிக்காரர் ஆஸ்கர் சாலாவிடம் போனார்கள். டிரௌடோனியம் என்கிற மின்கருவியில் அவர் சிறகடிப்பையும் கத்தலையும் உண்டாக்கினார். காக்கை கத்துவதற்குக் காக்கையை நம்பாமல் கருவி பிடித்தவர் கஞ்சனா? கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்குப் பதிலாகச் செல்போனை மைக்கில் வைத்தார் என் சித்தப்பா. அவர் கஞ்சன்! நடுவர் சிரிக்கிறார், இது சத்தத்துக்கான பாயிண்ட் ஆயிற்றே என்று. இருக்கட்டும் ஐயா, கஞ்சன் என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

மெலனியைப் பதினோரு வயதில் அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாள். நாயகனின் தாய் லிடியாவோ, மகனை இவள் கொண்டுபோய்விடுவாளோ என்று படம் முழுக்க விறைத்தே நிற்பவள். கடைசியில், பறவைகள் குதறிய மெலனிக்குக் கட்டுப் போட்டுக் காரில் ஏற்றுகிறார்கள். லிடியா அவளை அணைத்துக்கொள்கிறாள். இவள் அந்தக் கையைப் பற்றி நிமிர்ந்து பார்க்கிறாள். லிடியா லேசாகச் சிரிக்கிறாள். ஒரு வசனம் கிடையாது. பேச்சு நின்றுபோன பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் அம்மா என் மணிக்கட்டை அப்படித்தான் பிடித்திருந்தார். மூன்று நாள்.

சுற்றிலும் பறவைகள் உட்கார்ந்திருக்க, கார் மெல்ல நகர்ந்து போகிறது. 'முற்றும்' என்றுகூடப் போடவில்லை.

மணி அடித்துவிட்டீர்களா? சரி ஐயா.